கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார். நீங்க பேசறதை எல்லாம் நான் கையாலதானே சொல்லியாகணும்?"

சைகை டீச்சர் இதைச் சொல்லாத நாளே இல்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்த்தார்.

"நான் மெதுவாப் பேசினா பாடம் எப்ப மேடம் முடியறது? நீங்க கையைக் கொஞ்சம் வேகமா ஆட்டுங்க."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பையும் அவள் கையால் சொன்னாள். யார் சிரித்தார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான். அதுதான் அவள் வேலை. மற்ற பிள்ளைகளின் காதில் என்னென்ன விழுகிறதோ அத்தனையும், ஒரு தும்மல் பாக்கியில்லாமல், முதல் பெஞ்சில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெண் கையால் சொல்வது அத்தனையும் இவள் வாய் வழியாக வகுப்புக்கு வர வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, சர்க்கரை தடவக் கூடாது. 'அவள் சொல்கிறாள்' என்றுகூடச் சொல்லக் கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும். பேசுகிறவள் அவள். இவள் வெறும் குரல்.

அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. டீச்சர் அவளுக்கு வைத்திருந்த செல்லப் பெயர் வாயாடி. வாயைத் திறக்காமலே இப்படி வாயடிக்கிற ஒரு பிறவியை டீச்சர் வேறெங்கும் கண்டதில்லை. இப்போதும் வாயாடியின் கைகள் எழுந்தன. டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டுக் குரல் கொடுத்தாள்.

"சார், நீங்க போர்டுல எழுதறது ஆமை மாதிரிதானே இருக்கு? பேச்சு மட்டும் ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

கணக்கு வாத்தியாரின் முகம் சிவந்தது. "மேடம், ரொம்பப் பேசறீங்க!"

"நான் பேசலை சார். அவ பேசறா."

"நீங்கதான் பேசினீங்க. இந்தக் காதால கேட்டேன்!"

கேட்டீர்களா அநியாயத்தை! இந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதே ஒருவருக்கும் புரிந்ததில்லை. ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது, ஏனென்றால் அவள் ஆசிரியை இல்லையாம். அலுவலகத்திலும் இடம் கிடையாது, ஏனென்றால் அவளை டீச்சர் என்று கூப்பிடுகிறார்களாம். "உங்களுக்குத்தான் கையை ஆட்டி ஆட்டிப் பழக்கமாச்சே" என்று காலையில் பள்ளி வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்த நிறுத்தினார்கள். அவளுக்கென்று அங்கே இருந்த ஒரே சொத்து ஒரு மர ஸ்டூல். கரும்பலகைக்குப் பக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டால், வாத்தியார், பலகை, டீச்சரின் கை மூன்றும் வாயாடிக்கு ஒரே பார்வையில் கிடைக்கும்.

அந்த ஸ்டூலுக்கும் அன்றைக்கு ஆபத்து வந்தது.

"நாளைக்கு அதிகாரி வர்றாரும்மா" என்றார் ஹெச்.எம்., அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு. "உங்க போஸ்ட் தேவைதானான்னு பாத்துட்டுப் போவாராம். தேவையில்லைன்னு தோணினா எடுத்துடுவாங்க."

டீச்சர் ஓரடி முன்னால் வந்தாள். "எடுத்துட்டா அவ என்ன சார் பண்ணுவா? அடுத்த வருஷம் பத்தாவது. கிளாஸ்ல உக்காந்து வாத்தியார் வாயைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? அவ அப்பா ஏற்கெனவே சொல்லிட்டாரு சார், டீச்சர் இல்லைன்னா படிப்பை நிறுத்திடுவேன்னு."

"எனக்கு மட்டும் ஆசையா? நீங்க போயிட்டா கேட்ல யார் நிப்பா?"

ஹெச்.எம். குணத்தில் தங்கம். மேலதிகாரி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் உருகி ஓடிவிடுகிற தங்கம். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார். "முன்கூட்டியே பேசிடலாம்னு போன் போட்டேன். அந்த மனுஷன் எடுக்கவே மாட்டேங்கறாரு. டிரைவர் எடுத்து, 'என்கிட்டச் சொல்லுங்க, நான் ஐயாகிட்டச் சொல்லிடறேன்'ங்கறான். என்ன திமிர் பாருங்க! ஒரு பள்ளிக்கூடத்துக்கே ஹெச்.எம். நான், டிரைவர்கிட்டப் பேசணுமாம்!"

"இப்ப என்ன சார் பண்றது?"

"யோசிச்சுட்டேன். நாளைக்குப் பொண்ணு நல்லாப் பதில் சொன்னா, 'நல்லாத்தானே படிக்குது, டீச்சர் எதுக்கு'ம்பாரு. தப்பாச் சொன்னா, 'டீச்சர் இருந்தும் பிரயோஜனமில்லை, எதுக்கு'ம்பாரு. அதனால சுமாராப் பதில் சொல்லச் சொல்லுங்க."

"சுமாரான்னா?"

"பாதி ரைட்டு, பாதி தப்பு. முன்னேறுது, ஆனா டீச்சரும் வேணும். அந்த மாதிரி ஒரு பதமா."

"அவ எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டா?"

"நீங்க சுமாரா மாத்திச் சொல்லிடுங்களேன். உங்க வாய் வழியாத்தானே வருது?"

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. "சார், டாக்டர்கிட்டப் போய் எக்ஸ்ரேயைக் கொஞ்சம் சுமாரா எடுங்கன்னு கேப்பீங்களா?"

ஹெச்.எம்.முக்கு இது கேட்டதாகவே தெரியவில்லை. "அப்புறம் அந்த ஸ்டூல். போர்டு பக்கத்துல நீங்க இருந்தா, ஒரு கிளாஸுக்கு ரெண்டு வாத்தியாரான்னு கேள்வி வரும். நாளைக்கு மட்டும் கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி போட்டுக்குங்க."

"பின்னாடியா? அவளுக்கு முதுகுலயா சார் கண்ணு இருக்கு?"

"அவளைத் திருப்பி உக்கார வச்சிடுங்க."

சண்டை போட்டுப் பார்த்தாள். "நாளைக்கு ஒரு நாள்தானேம்மா" என்று ஹெச்.எம். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிடுகிறவரிடம் என்ன சண்டை போடுவது?

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே புருஷனிடம் ஆரம்பித்தாள். அவன் சோபாவில் கால் நீட்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கொட்டித் தீர்த்தாள். அவன் "ம்ம்" என்றான், "அடப்பாவமே" என்றான், மறுபடி "ம்ம்" என்றான்.

"நான் இப்ப என்ன சொன்னேன்? சொல்லுங்க பாப்போம்."

அவன் நிமிர்ந்தான். "சுமாரா இருக்குன்னு சொன்ன. எது, மத்தியானக் குழம்பா?"

"ரெண்டு காது எதுக்கு இருக்கு உங்களுக்கு? கண்ணாடி மாட்டவா?" என்று கேட்டுவிட்டு, மிச்சத் திட்டு முழுவதையும் அவள் சைகையிலேயே திட்டினாள். கைகள் சர் சர் என்று காற்றைக் கிழித்தன.

"இப்ப என்ன சொன்ன?"

"உங்களுக்குப் புரியாம இருக்கறதுதான் குடும்பத்துக்கு நல்லது."

மறுநாள் காலை அவள் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோதே அதிகாரியின் கார் வந்துவிட்டது. ஆஜானுபாகுவான மனுஷர். நரைத்த தலை, தடித்த கண்ணாடி. பின்னாலேயே ஒல்லியாக ஒரு காக்கிச் சட்டை டிரைவர்.

ஹெச்.எம். கும்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார். "வாங்க சார், வாங்க! வழியெல்லாம் சிரமமில்லையே?"

அதிகாரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, பின்பக்கச் சுவரையே உற்றுப் பார்த்தார். ஹெச்.எம். திரும்பிப் பார்த்தார். சுவரில் பெரிதாக ஈரம் பூத்திருந்தது. டிரைவர் அதன் பக்கத்தில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அந்தக் கசிவு சார், போன மழையில வந்தது. ஆள் சொல்லியிருக்கேன்" என்றார் ஹெச்.எம்., கேட்காமலே.

அதிகாரி இப்போது இன்னும் உன்னிப்பாக அதே பக்கம் பார்த்தார். ஹெச்.எம்.முக்கு வேர்த்தது. "மேல ஜன்னல் கொக்கி சார், அது பசங்க உடைச்சது. அந்த ஒட்டடையை இன்னைக்கே அடிச்சிடச் சொல்றேன்."

பாவம், அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்பதற்குள் கட்டடத்தின் குற்றம் குறை அனைத்தையும் இவர் ஒப்புக்கொண்டாகிவிட்டது. வாசலில் நின்ற டீச்சருக்கு அதிகாரியின் அகன்ற முதுகு மறைத்தது. டிரைவரின் முழங்கை இரண்டும் ஓயாமல் ஆடுவது மட்டும்தான் தெரிந்தது. சட்டைக்குள் எறும்பு புகுந்துவிட்டதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டு ஹாரன் அடித்த வண்டியைக் கவனிக்கப் போனாள்.

"சார், டீ சாப்பிடறீங்களா, காபியா?" என்றார் ஹெச்.எம்., அதிகாரிக்கு வெகு பக்கத்தில் போய்.

"ஆமா ஆமா! ரொம்ப நல்லது!" என்று அதிகாரி மைதானமே அதிரும்படிச் சொன்னார். பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசினாலும் அவருக்குப் பொதுக்கூட்டக் குரல்தான். ஹெச்.எம். இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க வண்டியில இருங்க தம்பி" என்று டிரைவரை அனுப்பப் பார்த்தார். டிரைவர் நகரவில்லை. "ஐயா என்னை விட்டு இருக்க மாட்டாருங்க" என்றார் பணிவாக.

"அதிகாரியா, கைக்குழந்தையா?" என்று ஹெச்.எம். டீச்சரிடம் முணுமுணுத்தார்.

வகுப்பில் எல்லாம் தயாராக இருந்தது, அதாவது எல்லாம் தலைகீழாக இருந்தது. கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாயாடி. கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஸ்டூலில் டீச்சர். "நான் என்ன தப்பு பண்ணேன்? எதுக்கு என்னைத் திருப்பி வச்சிருக்கீங்க?" என்று வாயாடி உட்கார்ந்ததிலிருந்து கையால் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதிகாரிக்குக் கரும்பலகையின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். தன் ஸ்டூலின் இடத்திலேயே! டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு அந்த டிரைவர் வகுப்பைக் குறுக்கே கடந்து வந்து, அவளுக்கு நேர் பின்னால், சுவரோடு சுவராக நின்றுகொண்டார்.

"நீங்க வெளியில காத்தாட நிக்கலாமே?"

"இங்கதாம்மா எனக்குச் சரியா இருக்கும்" என்றார் டிரைவர்.

கணக்கு வாத்தியார் தொடங்கினார். சாதாரண நாளிலேயே ஓடுகிறவர். அதிகாரியைக் கண்டதும் பறந்தார்.

"கொஞ்சம் மெதுவா சார்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் டீச்சர்.

"நல்லாச் சொன்னீங்கம்மா" என்று அவள் முதுகுக்குப் பின்னால் டிரைவர் முனகினார். இவருக்கென்ன வந்தது? கணக்கா படிக்கப் போகிறார்?

வாயாடியின் கண் டீச்சரின் கையில் நிற்கவில்லை. தோளுக்கு மேலே எங்கேயோ போய்ப் போய் வந்தது. திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

'என்னைப் பாரு!' என்று டீச்சர் கையால் அதட்டினாள்.

'உங்களுக்குப் பின்னாடி அந்த ஆளு...'

'அப்புறம்! இப்ப என்னைப் பாரு!'

டீச்சர் ஒரு தடவை திரும்பிப் பார்க்கத்தான் செய்தாள். டிரைவர் தொப்பியால் விசிறிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அதற்குள் பாடத்தில் இரண்டு வரி போய்விட்டது. பதறித் திரும்பிக்கொண்டாள்.

கணக்கு வாத்தியார் விடையை எழுதி அடிக்கோடிட்டார். வாயாடி கழுத்தை முறுக்கிப் பலகையைப் பார்த்தாள். அவள் கை எழுந்தது. டீச்சர் குரல் கொடுத்தாள்.

"சார், மூணாவது வரியில மைனஸை விட்டுட்டீங்க. அதனால விடையே தப்பு."

வகுப்பு முழுக்கப் பின்னால் திரும்பி டீச்சரைப் பார்த்தது. வாத்தியாரின் சாக்பீஸ் ஒடிந்தது. "மேடம்! ஆபீசர் முன்னாடி என் மானத்தை வாங்கறீங்களா?"

"ஐயோ, நான் இல்லை சார். அவ!"

"அவ வாயே திறக்கலையே!"

வாசலில் நின்ற ஹெச்.எம். பூனை நடை நடந்து டீச்சரிடம் வந்தார். "சுமாரா! சுமாராச் சொல்லச் சொன்னேன்ல! இவ்வளவு நல்லாச் சொன்னா உங்க போஸ்ட் போயிடும்மா!" என்று கிசுகிசுத்தார். கடைசி பெஞ்சுக்காரர்கள் காதை நீட்டிக் கேட்டார்கள்.

மற்றவர்கள் காதில் விழுந்தால் வாயாடிக்கும் போய்ச் சேர வேண்டும். இத்தனை வருஷப் பழக்கம். வேண்டாமே என்று மனசு நினைப்பதற்குள் கை சொல்லி முடித்துவிட்டது. பழகின கை அது, யாரைக் கேட்கும்?

வாயாடி எழுந்து நின்றாள். டீச்சருக்கும் கை தெரியும்படி அதிகாரியின் பக்கம் பாதி திரும்பினாள். அவள் கைகள் ஆடின ஆட்டத்தில் பக்கத்துப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதிகாரியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, குரலுக்காக டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஹெச்.எம். டீச்சரைக் கண்ணாலேயே கெஞ்சினார். ஒரு சின்னப் பொய் போதும். 'எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் ரொம்பப் பிடிக்கும் சார்' என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? டீச்சருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு குரல். அதையும் திருடுவதா? அடுத்த மாசம் வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"சார், நல்லாப் பதில் சொன்னாலும் என் டீச்சரை எடுத்துடுவீங்களாம். தப்பாச் சொன்னாலும் எடுத்துடுவீங்களாம். அதனால என்னைச் சுமாராச் சொல்லச் சொல்றாங்க. எனக்குக் காதுதான் கேக்காது சார், கணக்கு நல்லா வரும். நான் எதுக்கு சார் சுமாரா இருக்கணும்?"

ஹெச்.எம். கடைசி பெஞ்சின் நுனியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி டீச்சரைப் பார்க்கவில்லை. வழக்கம்போல அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குமே அந்த மனுஷர் ஒரு கணம் தாமதமாகத்தான் அசைந்தார். பிறகு ஓவென்று சிரித்தார்.

"அந்தப் பொண்ணை ரூமுக்கு அனுப்புங்க! தனியாப் பேசணும்!"

"டீச்சரையும் கூட்டிட்டு வரட்டுமா சார்?" என்றார் ஹெச்.எம்., ஓடிவந்து.

ஒரு கணம். "வேண்டாம்!"

"நான் வரட்டுமா?"

"நீங்களும் வேண்டாம்!"

ஹெச்.எம்.மின் அறைக்குள் அதிகாரி போனார். வாயாடி போனாள். டிரைவரும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"என் ரூம்மா அது!" ஹெச்.எம். சாத்தின கதவைக் காட்டினார். "டிரைவர் உள்ளே, நான் வெளியே! இதை வெளியில சொன்னா யாராவது நம்புவாங்களா?"

டீச்சர் ஓடிப்போய் ஸ்டூலைத் தூக்கிவந்தாள். அந்த அறை ஜன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடிக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மேல் பாதி தெரிய வேண்டுமானால் ஏற வேண்டும். ஏறினாள். ஹெச்.எம். ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா தெரியுது?"

"அவ பேசறா."

"அவரு?"

"அவரும் கையைக் காட்டறாரு." பீரோ மறைத்ததில் பாதி அறைதான் தெரிந்தது. டிரைவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை. ஆனால் வாயாடியின் கைகள் பறந்ததும், அதிகாரியின் தோள்கள் குலுங்கியதும் நன்றாகத் தெரிந்தன. "சிரிக்கறாரு சார். அவ சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுது."

"நீங்க இல்லாமலேயா?"

"நான் இல்லாமலே."

இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பெண் யார் தயவும் இல்லாமல் ஒரு பெரிய மனுஷரோடு பேசிவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. மூடின அறையில், ஆற அமர, சிரித்துச் சிரித்து யாரும் பேசலாம். பேச்சிலேயே பறக்கிற கணக்கு வாத்தியாரிடம் யார் பேசுவது?

கதவு திறந்தது. வாயாடி குதித்துக்கொண்டு வந்தாள். டீச்சரைப் பிடித்து உலுக்கி, கைகளை விரித்து, 'உங்களுக்குத் தெரியுமா? அந்த ஆளு...' என்று ஆரம்பித்தாள்.

டீச்சர் இரண்டு கையையும் மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டால் அவர்கள் இருவருக்கும் நடுவில் அது 'டூ'. வாயாடி முன்னால் வந்து நின்றாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். வாயாடி தரையில் காலை உதைத்தாள்.

அதற்குள் அதிகாரி வெளியே வந்தார். டிரைவர் இன்னும் உள்ளே பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்றார் ஹெச்.எம்., "பொண்ணு தானாவே சமாளிச்சுக்குது. அப்ப டீச்சர் போஸ்ட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

அதிகாரி அவர் வாயைப் பார்த்தார். அகலமாகச் சிரித்தார். பலமாகத் தலையை ஆட்டினார்.

"ஆமா ஆமா! ரொம்ப நல்லது!"

டீச்சர் எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூல் சரிந்தது.

"எது சார் நல்லது?"

உள்ளேயிருந்து டிரைவர் பையோடு பாய்ந்து வந்து, அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடின சத்தம் கேட்டது. அவள் எதையும் கவனிக்கவில்லை. மெதுவாப் பேசுங்க என்று ஊரையே கெஞ்சுகிறவள் அன்றைக்குப் பேசின வேகத்தில் கணக்கு வாத்தியார் தோற்றார்.

"ரூமுக்குள்ள உக்காந்து ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசிட்டா ஆச்சா? நாளைக்கு அவ கிளாஸ்ல உக்காரணுமே, வாத்தியார் முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுவாரே, அப்ப நீங்க வருவீங்களா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் காது கேக்காம இருந்து பாத்திருக்கீங்களா சார்? எல்லாரும் சிரிக்கும்போது எதுக்குன்னே தெரியாம சேர்ந்து சிரிச்சிருக்கீங்களா? என்ன கேக்கறாங்கன்னே புரியாம, திருப்பிக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, ஆமா ஆமான்னு தலையை ஆட்டியிருக்கீங்களா? அந்தக் கொடுமை உங்களுக்கு எங்க சார் தெரியப் போகுது! பேசறவங்க மூஞ்சியைப் பாக்கக்கூட உங்களுக்கு மனசு இல்லை. காலையிலேர்ந்து சுவத்தையே பாத்துக்கிட்டிருக்கீங்க. இப்பவும் பாருங்க, சுவத்தைத்தான் பாக்கறீங்க! நான் என்ன சுவத்துக்கா பேசறேன்?"

ஹெச்.எம். காதைப் பொத்திக்கொண்டார்.

இந்த முறை அதிகாரி ஒரு கணத்துக்கு மேலாகவே தாமதித்தார். சிரிப்பு போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் போஸ்ட் இருக்கும்மா. நான் இருக்கற வரைக்கும் இருக்கும்."

"சார், இப்பத்தானே வேண்டாம்னீங்க?" என்றார் ஹெச்.எம்.

அதிகாரி சுவரைப் பார்த்துவிட்டு, "நானா? அப்படியா சொன்னேன்? என் காதுல விழலையே!" என்றார். பெரிய அதிகாரிகளுக்குத் தாங்கள் சொன்னதே காதில் விழாது என்பது ஹெச்.எம்.முக்குத் தெரிந்ததுதான்.

"அப்புறம், இந்த ஸ்டூலை முன்னாடி, போர்டு பக்கத்துலயே போடுங்க. வாத்தியார் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்னா எவ்வளவு நேரம் பாக்கறது? கழுத்து ஒடிஞ்சு போகும்."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை இருக்கிறது, வாயாடிக்குப் பத்தாவது இருக்கிறது. அதுவரைக்கும் புரிந்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. திட்டு வாங்கின மனுஷன் எதற்காகக் கொடுத்துவிட்டுப் போனார்? கழுத்து வலிக்கும் என்பது வரைக்கும் அவருக்கு எப்படித் தெரியும்? கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். அதற்காகவே காத்திருந்த வாயாடி ஓடிவந்து வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

டிரைவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். அதிகாரி கண்ணாடிக் கூட்டை ஜன்னல் கட்டையில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வலது மணிக்கட்டை இடது கையால் நீவி நீவி விட்டார்.

டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. "உங்க ஐயாவை ரொம்பத் திட்டிட்டேங்க. மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேம்மா" என்று டிரைவர் இரண்டடி நடந்தார். அப்புறம் மனசு கேட்காதவர் போலத் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அடுத்த தடவை திட்டும்போது கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. நீங்க பேசறதை எல்லாம் எங்க ஐயாவுக்கு நான் கையாலதானே சொல்லியாகணும்?"